லா ஒரோயா: மூன்று வழிகள் கூடும் மலையூர்

பெருவின் தலைநகர் லிமாவிலிருந்து கிழக்கே கிளம்பும் லாரி, கடல்மட்டத்தை ஒட்டிய நிலத்திலிருந்து ஏறத் தொடங்கி, 130 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போவதற்குள் 4,818 மீட்டர் உயரத்திலுள்ள டிக்லியோ கணவாயை எட்டிவிடுகிறது. பிறகு இறக்கம். யவுலி ஆற்றை ஒட்டி இறங்கும் சாலை, அந்த ஆறு மந்தாரோவில் கலக்கும் குறுகிய பள்ளத்தாக்கில் ஓர் ஊருக்குள் நுழைகிறது. உயரம் ஏறத்தாழ 3,745 மீட்டர். ஊரின் பெயர் லா ஒரோயா. இங்கேதான் மத்தியச் சாலை பிரிகிறது. தெற்கே போனால் ஹௌஹா, வான்காயோ, மந்தாரோ சமவெளியின் உருளைக்கிழங்கு வயல்கள். வடக்கே போனால் ஹுனின் மேட்டுநிலம், செரோ தெ பாஸ்கோவின் சுரங்கங்கள், அதற்கும் அப்பால் உவானுகோ, கடைசியில் அமேசான் காட்டின் ஆற்றுத்துறையான புகால்பா. அந்த வடக்குச் சாலையிலிருந்து இன்னொன்று கிளைத்து, தார்மா வழியாகச் சான்சமாயோவின் காப்பித் தோட்டங்களுக்கும் பழத்தோட்டங்களுக்கும் இறங்குகிறது.

பெருவின் மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் வாழும் லிமாவின் அடுப்புக்கு மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் வருவதில் பெரும்பகுதி இந்த ஊரைக் கடந்தே வரவேண்டும். உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், ஆரஞ்சு, மரம், துத்தநாகத் தாது எல்லாவற்றுக்கும் இதுதான் வழி.

லா ஒரோயாவைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ரயில்பாதைப் பொறியாளர்கள் எழுதினார்கள். உயர்மலை மருத்துவர்களும் மானிடவியலாளர்களும் எழுதினார்கள். கடைசியாக நீதிபதிகளும் எழுதினார்கள். ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டியதை இங்கிருந்து எடுத்துக்கொண்டது. அவற்றையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி மேலே வருகிறது. ஒரு நாட்டுக்கே வழிவிட்டு நிற்கும் ஊருக்கு, அந்த வழிகளிலிருந்து என்ன வந்து சேர்ந்தது? ஆதாயம் வழிகளின் முனைகளுக்குப் போய்விட்டது, செலவு மட்டும் சந்திப்பில் தங்கியது என்பதே கிடைக்கும் சான்றுகள் சொல்வது. இதை மலையின் விதி என்று விட்டுவிட முடியாது. எதை எங்கே வைக்கலாம், அதை யார் ஆளலாம் என்று எடுக்கப்பட்ட முடிவுகள் இதற்குப் பின்னால் இருக்கின்றன.

சந்திப்பு மட்டும் மலை வகுத்தது. கடற்கரையிலிருந்து ரீமாக் ஆற்றின் வழியே ஏறி மறுபுறம் இறங்குபவர் மந்தாரோவைச் சந்தித்தே ஆகவேண்டும். மந்தாரோ வடக்கிலிருந்து தெற்காக ஓடுவதால் அங்கே வலமும் இடமுமாக இரண்டு வழிகள் திறக்கின்றன. ஆற்றைத் தாண்ட ஒரு பாலமும் தேவைப்படுகிறது. அந்தப் பாலத்தின் மதிப்பு என்னவென்று 1882 ஜூலையில் தெரிந்தது. பசிபிக் போரில் லிமாவைப் பிடித்த சிலி நாட்டுப் படையின் ஒரு பிரிவு வான்காயோ வரை ஊடுருவியிருந்தது. அதைச் சுற்றி வளைக்க நினைத்த பெருவின் தளபதி ஆந்த்ரெஸ் காசெரெஸ், லா ஒரோயாப் பாலத்தைத் தகர்க்க ஒரு படையை அனுப்பினார். பாலம் போனால் சிலிப் படைக்குத் திரும்பும் வழி கிடையாது. அந்த முயற்சி தோற்றது, பாலம் நின்றது, சிலிப் படையின் பெரும்பகுதி அவ்வழியே தப்பியது. அப்போது லா ஒரோயா ஒரு பாலமும் சில குடில்களும் மட்டுமே கொண்ட இடம்.

ரயில் அதற்கு முன்பே புறப்பட்டிருந்தது. போலந்துக்காரரான எர்னெஸ்ட் மலினோவ்ஸ்கி வகுத்த பாதையை, அமெரிக்க ஒப்பந்ததாரர் ஹென்றி மெய்க்ஸ் 1870இல் போடத் தொடங்கினார். மலைச்சரிவில் வண்டி முன்னே போய், நின்று, பின்னோக்கி ஏறி, மறுபடி முன்னே போகும் முறையால் உயரத்தை வென்றார்கள். கலேரா சுரங்கப்பாதை கடல்மட்டத்திலிருந்து 4,780 மீட்டர் உயரத்தை ஒட்டி அமைந்தது. 2006இல் திபெத்துக்கு ரயில் ஓடும்வரை உலகின் மிக உயரமான ரயில்பாதை என்ற பெயர் இதற்கே இருந்தது. ஆனால் இந்தச் சாதனையின் கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்கிறது. பணம் வெளிநாட்டுக் கடன். 1877இல் மெய்க்ஸ் இறந்தார்; 1878இல் பாதை சிக்லா வரை வந்து நின்றது; அடுத்த ஆண்டு போர் மூண்டது. போருக்குப் பின் கடனைக் கட்ட முடியாத பெரு அரசு, தன் ரயில்பாதைகளை லண்டனில் கடன் கொடுத்தவர்களின் நிறுவனமான பெருவியன் கார்ப்பரேஷனிடம் ஒப்படைத்தது. 1893இல் லா ஒரோயாவுக்கு வந்த முதல் ரயில் அவர்களுடையது.

அந்தப் பாதையைப் போட்ட கூலிகளின் சாவு மருத்துவ வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1871இல் ரீமாக் பள்ளத்தாக்கில் வேலை செய்தவர்களிடையே கொடிய காய்ச்சல் பரவி, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஒரோயாவுக்குப் போகும் பாதையில் வந்த காய்ச்சல் என்பதால் அது ஒரோயாக் காய்ச்சல் ஆனது. உண்மையில் இந்நோயைப் பரப்பும் மணல் ஈ நடுத்தர உயரமுள்ள வெப்பப் பள்ளத்தாக்குகளில்தான் வாழும். லா ஒரோயாவின் குளிரில் வாழாது. அதே பள்ளத்தாக்கில் தோலில் சிவந்த மருக்களாக வெளிப்படும் இன்னொரு நோயும் இருந்தது. இரண்டும் ஒன்றுதானா என்ற ஐயத்தைத் தீர்க்க, செரோ தெ பாஸ்கோவில் பிறந்த மருத்துவ மாணவர் டேனியல் அல்சிதெஸ் கர்ரியோன், 1885 ஆகஸ்ட் 27 அன்று ஒரு நோயாளியின் மருவிலிருந்து எடுத்ததைத் தன் உடலில் செலுத்திக்கொண்டார். காய்ச்சல் வந்தது. தன் நோய்க்குறிகளைத் தானே குறித்துவைத்தபடி அக்டோபர் 5 அன்று இறந்தார். மருவும் காய்ச்சலும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பது நிறுவப்பட்டது. பெருவில் அக்டோபர் 5 மருத்துவ நாளாகக் கொண்டாடப்படுகிறது. நோய்க்கு இன்று கர்ரியோன் நோய் என்றும் பெயர்.

ரயில் வந்த பிறகும் லா ஒரோயா சில ஆண்டுகள் சரக்கு மாற்றும் நிலையமாகவே இருந்தது. அதன் தலையெழுத்தை மாற்றியது வடக்கே இருந்த செம்பு. 1901–02இல் அமெரிக்க முதலாளிகள் செரோ தெ பாஸ்கோ நிறுவனத்தைத் தொடங்கிச் சுரங்கங்களை வாங்கிக் குவித்தார்கள். 1904இல் லா ஒரோயாவிலிருந்து செரோ தெ பாஸ்கோவுக்குத் தங்கள் சொந்த ரயில்பாதையைத் திறந்தார்கள். 1908இல் தெற்குக் கிளை வான்காயோவை அடைந்தது. மூன்று பாதைகளும் கூடிவிட்டன. தாது வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும்; கூலிக்கு ஆள் தெற்கிலிருந்து வருவார்கள்; உருக்கிய உலோகம் மேற்கே கய்யாவோ துறைமுகத்துக்குப் போகும்; நீர்மின்சாரத்துக்கு ஆறு கையருகே. பெரிய உருக்காலைக்கு இதைவிட வசதியான இடத்தைக் காகிதத்தில் வரைந்துகூடக் காட்ட முடியாது. 1922இல் ஆலை இயங்கத் தொடங்கியது.

காகிதத்தில் காணாத ஒன்று காற்று. இரண்டு பக்கமும் செங்குத்தான மலைகள். நடுவே ஓர் ஒடுக்கமான பள்ளம். குளிர்ந்த காற்று கீழே தேங்கி நிற்கும் நேரங்களில் புகை மேலெழாமல் ஊரின் மேலேயே கவிந்துவிடும். வழிகளைக் கூட்டிவைத்த அதே நில அமைப்புதான் புகையையும் அடைத்துவைத்தது. இந்த ஊரைப் பற்றிய ஆய்வுகள் பலவும் சுற்றிச் சுற்றி வந்து சேரும் இடம் இதுவே.

முதலில் செத்தது புல். பிறகு ஆடு, மாடு. கந்தகப் புகையோடு ஆர்செனிக்கும் ஈயமும் சுற்றுவட்ட மேய்ச்சல் நிலங்களில் படிந்தன. உழவர் சமூகங்களும் பண்ணையார்களும் சேர்ந்தே முறையிட்டார்கள். அரசு விசாரணைக்கு ஏற்பாடு செய்தது. பொறியாளர் ஹோசே பிராவோவின் அறிக்கை 1926இல் வெளிவந்தது. நிறுவனம் இழப்பீடு கொடுத்தது. அதைவிட முக்கியமாக, கெட்டுப்போன நிலங்களை விலைக்கு வாங்கியது. பின்னர் புகைபோக்கிகளில் மின்விசையால் தூசியைப் பிடிக்கும் கருவிகளைப் பொருத்தியது. பிடித்த தூசியிலிருந்து பிஸ்மத், ஆர்செனிக் போன்றவற்றைப் பிரித்து விற்க முடிந்ததால் அதிலும் வருமானம் வந்தது. புகை குறைந்ததும் புல் மீண்டது. புகையால் மதிப்பிழந்து கைமாறிய நிலத்தில் நிறுவனம் கம்பளி ஆடு வளர்த்தது; ஹுனின் என்ற புகழ்பெற்ற ஆட்டினம் அந்தப் பண்ணைகளில் உருவானதுதான். இப்படி ஒரு சுரங்க நிறுவனம் இரண்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் பெரும் நிலக்கிழாராகவும் ஆனது.

நிலம் போனவர்கள் என்ன ஆனார்கள்? பலர் ஆலைக்கே கூலிகளாக வந்தார்கள். ஏற்கெனவே மந்தாரோ சமவெளியில் முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் முறை இருந்தது. பெரும்பாலும் திருவிழாச் செலவோ சாவுச் செலவோ நெருக்கும்போது வாங்கிய பணம் அது. கழிக்க மாதக்கணக்கில் மலையில் உழைக்க வேண்டும். புகையும் கடனும் சேர்ந்து உழவரைத் தொழிலாளராக்கின என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் வாதம். பெருவின் வரலாற்றாசிரியர் அல்பெர்தோ ஃப்ளோரெஸ் கலிந்தோ இந்த நிறுவனத்தின் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவர்கள் முழுத் தொழிலாளராகவும் ஆகாமல் முழு உழவராகவும் இல்லாமல் இரண்டு வாழ்க்கைக்கு நடுவே நின்றவர்கள் என்பது அந்த ஆய்வுகள் காட்டும் சித்திரம். 1930 நவம்பரில், ஊருக்கு வடக்கே மால்பாசோ அணைக்கட்டு வேலைத்தளத்திலிருந்து லா ஒரோயாவை நோக்கி ஊர்வலமாக வந்த தொழிலாளர்கள் சுடப்பட்டார்கள், பலர் இறந்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. நார்மன் லாங், பிரையன் ராபர்ட்ஸ் ஆகிய சமூகவியலாளர்கள் 1970களில் மந்தாரோ சமவெளியை ஊர் ஊராக ஆராய்ந்தார்கள். சுரங்கக் கூலியும் ஆலைக் கூலியும் அந்த ஊர்களில் பள்ளிக்கூடங்களாக, கடைகளாக, லாரிகளாக மாறியதை அவர்கள் காட்டினார்கள். லா ஒரோயாவில் பத்து ஆண்டு வேலைபார்த்தவர் ஊர் திரும்பி ஒரு பழைய லாரி வாங்குவார்; அதே சாலையில் உருளைக்கிழங்கு ஏற்றிப் போவார். 1930களில் லிமாவிலிருந்து மோட்டார் சாலை வந்ததும், 1943இல் சாலை புகால்பா வரை நீண்டதும் இந்த வணிகர்களுக்குக் கை கொடுத்தன. ஆக, சந்திப்பிலிருந்து ஆதாயம் பெற்ற எளிய மக்களும் இருந்தார்கள். ஆனால் கவனித்துப் பார்த்தால், அந்தப் பணம் முதலீடான இடங்கள் ஹௌஹா, வான்காயோ, பிறகு லிமா. சம்பாதித்தவர்கள் சந்திப்பில் வீடு கட்டவில்லை. அங்கே இருந்த வீடுகளில் பெரும்பாலானவை நிறுவனத்தின் வரிசை வீடுகள். வேலை இருக்கும்வரை குடியிருக்கலாம். அயல்நாட்டு அதிகாரிகளோ, புகை அதிகம் எட்டாத சுலேக் பகுதியில் கோல்ஃப் மைதானத்தோடு வாழ்ந்தார்கள்.

சுலேக்கில் நல்ல மருத்துவமனை ஒன்றும் இருந்தது. உயரமான இடங்களில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்தான நோயை உலக மருத்துவம் சரியாகப் புரிந்துகொள்ள உதவிய இடங்களில் அதுவும் ஒன்று. பெரு மருத்துவர்கள் அதை முன்பே விவரித்திருந்தார்கள். அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் ஹல்ட்கிரென் தன் சகாவோடு இங்கு கண்ட நோயாளிகளைப் பற்றி 1960இல் எழுதியபின் அது பரவலாகத் தெரியவந்தது. நோய்க்கு ஆளானவர்களில் பலர் மலையிலேயே வளர்ந்தவர்கள் என்பது வியப்பளித்தது. விடுமுறைக்கு லிமாவுக்கு இறங்கி, சில நாள் தங்கி, ரயிலிலோ பேருந்திலோ ஒரே நாளில் மேலே திரும்பிய சிறுவர்களும் இளைஞர்களும் அவர்கள். பழகிய உடலும் கடற்கரையில் சில நாள் இருந்தால் மலையை மறந்துவிடுகிறது. வேகமான போக்குவரத்து இல்லாமல் இந்த நோய் இவ்வளவு பேரிடம் தென்பட்டிருக்காது.

1969இல் ராணுவ ஆட்சித் தலைவர் வெலாஸ்கோ நிலச்சீர்திருத்தம் கொண்டுவந்தார். நிறுவனத்தின் மேய்ச்சல் நிலங்கள் பறிக்கப்பட்டு, துபாக் அமாரு என்ற பெயரில் கூட்டுப் பண்ணையாயின. 1974 தொடக்கத்தில் ஆலையும் சுரங்கங்களும் அரசுடைமையாகி சென்ட்ரோமின் என்ற நிறுவனத்தின் கீழ் வந்தன. அரசு வந்தால் புகை அடங்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அந்நியச் செலாவணி வேண்டிய அரசுக்கும் ஆலை ஓடினால் போதும் என்றே இருந்தது. சுற்றிலுமுள்ள சுண்ணாம்பு மலைகள் செடிகொடி இழந்து வெளுத்து நின்றன. 1997இல் ஆலை மறுபடி தனியாருக்குப் போனது. வாங்கியது அமெரிக்காவின் ரென்கோ குழுமத்தைச் சேர்ந்த டோ ரன். பத்தாண்டுக்குள் கந்தக அமில ஆலைகளை அமைத்துப் புகையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது ஒப்பந்தம்.

இந்த ஆலையின் தனித்தன்மையை இங்கே சொல்லவேண்டும். செம்பு, ஈயம், துத்தநாகம் மூன்றையும் ஒரே வளாகத்தில் உருக்குவதோடு வெள்ளி, தங்கம், இண்டியம், பிஸ்மத், காட்மியம், டெலூரியம் எனப் பலவற்றையும் பிரித்தெடுக்க அதனால் முடியும். ஆர்செனிக் மிகுந்த, பிற ஆலைகள் தொடத் தயங்கும் தாதுவையும் அது ஏற்றுக்கொள்ளும். மத்திய மலைப்பகுதிச் சுரங்கங்களுக்கு அதன் அருமை அதில்தான். ஊருக்கு அதன் கொடுமையும் அதில்தான். 167 மீட்டர் உயரமுள்ள அதன் பெரிய புகைபோக்கியைப் பள்ளத்தாக்கின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம்.

1999இல் பெரு சுகாதாரத்துறை சிறுவர்களின் இரத்தத்தைச் சோதித்தது. டெசிலிட்டருக்குச் சராசரியாக 33.6 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. அக்காலத்தில் கவலைக்குரியதாகக் கருதப்பட்ட அளவு 10. இன்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 3.5ஐத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறது. 2005இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகக் குழு வந்தது. வான்காயோ பேராயர் பெத்ரோ பர்ரேத்தோ அதற்குத் துணை நின்றார், அதற்காக மிரட்டப்பட்டார். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையான குழந்தைகளில் 97 விழுக்காட்டினரின் இரத்தத்தில் ஈயம் அந்தப் பழைய வரம்பையும் தாண்டியிருந்தது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கெட்டது திரும்பாது. இதை ஒரு புள்ளிவிவரமாகப் படித்துவிட்டுக் கடந்துபோக எவராலும் முடியக்கூடாது. ஓர் ஊரின் ஒரு தலைமுறைக் குழந்தைகளில் ஏறக்குறைய எல்லாரையும் அது குறிக்கிறது. 2006இலும் 2007இலும் மாசை ஆராயும் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிகவும் மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக லா ஒரோயாவைச் சேர்த்தது.

இத்தனைக்கும் பிறகு ஊர் மக்கள் ஆலையை எதிர்த்து எழுந்தார்களா? சிலர் எழுந்தார்கள். ஏராளமானோர் ஆலையின் பக்கம் நின்றார்கள். ஒப்பந்தத்தில் ஏற்ற தூய்மைப் பணிக்குக் காலநீட்டிப்பு கோரிய நிறுவனத்துக்கு ஆதரவாக 2004இல் தொழிலாளர்கள் மத்தியச் சாலையை மறித்தார்கள், நீட்டிப்பு கிடைத்தது. 2009இல் பணநெருக்கடியால் ஆலை நின்றது. ஏறத்தாழ 3,500 பேரின் பிழைப்பு அந்தரத்தில் தொங்கியது. 2012இல் துத்தநாகப் பிரிவு மட்டும் சிறிது காலம் ஓடியது. 2015 ஆகஸ்டில், புகை வரம்புகள் கடுமையாக இருப்பதால்தான் ஆலையை வாங்க ஆள் வரவில்லை என்று சொல்லித் தொழிலாளர்கள் மறுபடி சாலையை மறித்தார்கள். லாரிகள் இருபுறமும் தேங்கின, மோதலில் ஒருவர் உயிரிழந்தார். 2017இல் அரசு, காற்றில் கந்தக டை ஆக்சைடுக்கான ஒருநாள் வரம்பைக் கனமீட்டருக்கு 20 மைக்ரோகிராமிலிருந்து 250ஆக உயர்த்தியது.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் பலர் இதை அறியாமை என்று எழுதினார்கள். அது தவறான தீர்ப்பு. நூறாண்டாக வேறெதுவும் வளரவிடப்படாத ஊரில், வேலையா பிள்ளைகளின் உடம்பா என்று ஒரு தாயின் முன் கேள்வியை வைத்ததே பெருங்குற்றம். அந்தக் கேள்வியை உண்டாக்கியவர்கள் கேள்விக்குள்ளாக வேண்டுமே தவிர, பதில் சொல்லத் திணறியவர்கள் அல்ல. சாலை மறியலிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லிமாவின் காதில் இந்த ஊரின் குரல் விழுந்ததெல்லாம் சாலை நின்றபோதுதான். சந்திப்பில் இருப்பது மட்டுமே இம்மக்களின் கையிலிருந்த பலம். அதை இதுவரை பெரும்பாலும் ஆலைக்காகவே செலவிட்டிருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

மலைச்சந்திப்புகள் எல்லாம் இப்படித்தான் ஆகும் என்று சொல்வோரும் உண்டு. அதே ஆண்டீஸில் வேறு ஊர்களைப் பார்த்தால் அந்த வாதம் நிற்பதில்லை. தெற்குப் பெருவின் ஹூலியாகா இதைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது. அரெகிப்பா, புனோ, குஸ்கோ ரயில்பாதைகள் அங்கே கூடின. பெரிய ஆலை எதுவும் வரவில்லை, சந்தை வந்தது. நெசவாளர்களும் லாரிக்காரர்களும் எல்லை வணிகர்களும் வளர்த்த அந்த ஊர் இன்று மாநிலத் தலைநகரான புனோவைவிடப் பெரியது. நெரிசலும் குப்பையும் கடத்தலும் அங்கே உண்டு. ஆனால் பணம் சுற்றுவது ஊருக்குள். பொலிவியாவில், லா பாஸ்–ஒருரோ சாலையிலிருந்து சிலியின் அரிக்கா துறைமுகத்துக்கு வழி பிரியும் பதக்கமாயா முழுக்க லாரிகளை நம்பிய ஊர். சாப்பாட்டுக் கடை, டயர் கடை, தங்கும் விடுதி, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்று அடக்கமான வாழ்க்கை. எல்லையில் வேலைநிறுத்தம் என்றால் ஊரே முடங்கும். 1889இல் ரயிலுக்காகவே பிறந்த உயூனி, ரயில் தேய்ந்தபின் நெடுநாள் வாடிக்கிடந்து, உப்புப் பாலையைக் காண வரும் பயணிகளால் மீண்டது. துருப்பிடித்த எஞ்சின்கள் கிடக்கும் இடமும் அங்கே காட்சிப்பொருள். நான்கு ஊர்களின் உயரமும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபட்டது, சந்திப்பில் எது வந்து உட்கார்ந்தது, அது யாருடையது என்பது.

சட்டத்தின் வழி மெதுவாக நகர்ந்தது. 2006இல் பெருவின் அரசியல்சாசன நீதிமன்றம், ஊருக்கு அவசர சுகாதாரத் திட்டம் வகுக்க அரசுக்கு உத்தரவிட்டது. பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அதே ஆண்டு ஊர் மக்கள் சிலர் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்தை அணுகினார்கள். 2022 அக்டோபரில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் உருகுவேயின் மொந்தெவிதேயோவில் கூடி அவர்களின் வழக்கை விசாரித்தது. 2023 நவம்பர் 27 தேதியிட்ட தீர்ப்பு 2024 மார்ச்சில் வெளியானது. எண்பது பேரின் உரிமைகளை மீறிய குற்றம் பெரு அரசின் மேல் நிறுவப்பட்டது. ஆலை அரசு கையில் இருந்தபோது செய்ததற்கும், தனியார் கையில் இருந்தபோது கண்காணிக்கத் தவறியதற்கும் அரசே பொறுப்பு என்றது நீதிமன்றம். நலமான சூழலில் வாழ்வது தனித்து நிற்கும் உரிமை என்றும், சூழலை மீளமுடியாமல் அழிப்பதைத் தடுக்கும் கடமையை எந்த அரசும் விலக்கிவைக்க முடியாத நெறியாக உலகம் ஏற்கவேண்டும் என்றும் சொன்னது. காற்றையும் நீரையும் மண்ணையும் அளந்து சீர்செய்யும் திட்டம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச மருத்துவம், காற்றுத்தர வரம்புகளைத் திருத்துவது, இழப்பீடு ஆகியவை உத்தரவில் உள்ளன. வழக்கு தொடங்கியபோது குழந்தைகளாக இருந்தவர்கள் தீர்ப்பின்போது வளர்ந்த ஆட்களாகிவிட்டார்கள்.

தீர்ப்பு எழுதப்படும் நேரத்தில் ஆலையும் மறுபடி அசையத் தொடங்கியிருந்தது. தொழிலாளர்களுக்குத் தரவேண்டியிருந்த கடனுக்கு ஈடாக ஆலை முன்னாள் தொழிலாளர்களின் கைக்கு வந்தது. அவர்கள் ஒரு நிறுவனம் அமைத்து, சிறிய அளவில் உலையை ஏற்றினார்கள். கூலிகளாக வந்தவர்களின் வழிவந்தோர் உரிமையாளராவது இந்த ஊரின் வரலாற்றில் முதல்முறை. அவர்களுக்கு முதலீடு கிடைக்குமா, கிடைத்தால் அதில் முதல் காசு அமில ஆலைக்கும் தூசிப் பிடிப்பானுக்கும் போகுமா என்பதை ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. தங்கள் பிள்ளைகளும் அதே காற்றைச் சுவாசிக்கும் உரிமையாளர்கள் முந்தைய மூவரைவிடக் கவனமாக இருப்பார்கள் என்று நம்ப இடமுண்டு. ஆனால் நம்பிக்கையை அளவைக் கருவிக்கு மாற்றாக வைக்கக்கூடாது. தரையில் ஏற்கெனவே படிந்த ஈயமும் ஆர்செனிக்கும் உரிமையாளர் மாறியதால் போய்விடாது.

சாலைப் பக்கத்திலும் மாற்றம் வருகிறது. ஆண்டின் முதல் மாதங்களில் மலைச்சரிவுகளிலிருந்து சேறும் பாறையும் பாய்ந்து மத்தியச் சாலையை மூடுவது வழக்கம். 2017 மார்ச்சில் பெருமழை அதைப் பல இடங்களில் உடைத்தது. சரக்கு லாரிகளின் நெரிசலில் லிமாவிலிருந்து லா ஒரோயா வந்துசேரப் பல மணி நேரம் ஆகிறது. இதற்கு மாற்றாக ஏறத்தாழ 185 கிலோமீட்டர் நீளத்தில், சுரங்கப்பாதைகளும் மேம்பாலங்களும் கொண்ட புதிய மத்தியச் சாலையைப் பிரான்ஸ் அரசுடன் 2020இல் செய்த ஒப்பந்தத்தின் துணையோடு பெரு திட்டமிட்டுவருகிறது. அதற்குச் சூட்டப்பட்டிருக்கும் பெயர் டேனியல் அல்சிதெஸ் கர்ரியோன். ஒரோயாவுக்கு முதல் பாதை போட்டபோது செத்த கூலிகளின் நோயை விளங்கிக்கொள்ளத் தன் உயிரைக் கொடுத்தவர் பெயரில் இரண்டாவது பெரும்பாதை அமைவது பொருத்தமே.

பெயரோடு நில்லாமல் வேறு சிலவற்றையும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். சரக்கு முனையமும் குளிர்பதனக் கிடங்கும் எங்கே வரும்? சான்சமாயோவின் பழமும் ஹுனினின் மக்காக் கிழங்கும் லா ஒரோயாவில் தரம் பிரித்துக் கட்டப்படுமா, அல்லது நிற்காமல் லிமாவுக்கே போகுமா? நீதிமன்றம் உத்தரவிட்ட மண் சீரமைப்பும் மருத்துவ வசதியும் சாலை வேலையின் காலத்துக்குள் முடியுமா? சாலைக்கு ஓர் அமைச்சகம், ஆலைக்கு ஓர் அமைச்சகம், மண்ணுக்கு ஓர் அமைச்சகம் என்று கோப்புகள் தனித்தனியே நகர்ந்தால், 1893இல் ரயிலும் 1930களில் மோட்டார் சாலையும் போனது போலவே இதுவும் ஊரைத் தாண்டிப் போய்விடும். மூன்று கோப்புகளையும் ஒரே மேசையில் வைக்கச் சொல்லும் தகுதி லா ஒரோயா அடங்கிய யவுலி மாகாணத்தின் நகராட்சிக்கும், தீர்ப்பைப் பெற்ற அந்த எண்பது பேருக்கும், ஆலையை ஏற்ற தொழிலாளர்களுக்கும் இருக்கிறது. அவர்கள் ஒன்றாகக் கேட்டால், சாலையை மறிக்காமலேயே லிமா இம்முறை செவிசாய்க்க வேண்டியிருக்கும். அரசைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு ஒன்று இப்போது அவர்கள் கையில் உள்ளது.